மேசையில் போடும் சண்டை

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டு தடவை படித்தேன். ஐந்து பேர் சேர்ந்து மாதம் ஒரு காமெடி நிகழ்ச்சி போடுகிறீர்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் உன் கேள்வி வேறு. “ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தால் சண்டைதான் வருகிறது, நட்பு கெட்டுவிடும் போலிருக்கிறது, இனி விவாதமே வேண்டாம், யார் எழுதினாலும் அப்படியே நடித்துவிடலாம் என்று முடிவு செய்யலாமா?” என்று கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்விக்குக் கீழே, போகிறபோக்கில், இன்னொன்றும் எழுதியிருக்கிறாய். உங்களில் ஒருவன் இரண்டு மாதமாக ஒத்திகைக்கு லேட்டாக வருகிறான், வசனம் மறக்கிறான், அதை வைத்தே எல்லோரும் அவனை ஓட்டுகிறீர்கள், போன வாரம் அவன் பாதியிலேயே எழுந்து போய்விட்டான்.

முதல் விஷயத்துக்கு நாலு பக்கம், இரண்டாவதற்கு நாலு வரி. எனக்கு அந்த நாலு வரிதான் கவலையாக இருக்கிறது.

மான்ட்டி பைத்தான் குழுவைப் பற்றி நீ கேள்விப்பட்டிருப்பாய். 1969 அக்டோபர் 5 அன்று பிபிசியில் அவர்களுடைய முதல் நிகழ்ச்சி வந்தது. ஆறு பேர். ஜான் கிளீஸ், கிரகாம் சாப்மன், எரிக் ஐடில் மூவரும் கேம்பிரிட்ஜில் படித்தவர்கள். டெர்ரி ஜோன்ஸும் மைக்கேல் பேலினும் ஆக்ஸ்ஃபோர்டு. டெர்ரி கில்லியம் அமெரிக்காவிலிருந்து வந்த ஓவியர், அனிமேஷன் அவர் பொறுப்பு. 1974 வரை நான்கு தொடர், மொத்தம் 45 நிகழ்ச்சிகள். அவர்கள் சிரிக்க வைத்த விதத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் பல வருஷமாக ஆசையோடு தேடிப் படித்தது அவர்கள் சண்டை போட்ட விதத்தை.

முதலில் தனித்தனியாகப் போய் எழுதுவார்கள். கிளீஸும் சாப்மனும் ஒரு ஜோடி, ஜோன்ஸும் பேலினும் ஒரு ஜோடி, ஐடில் தனி ஆள். பிறகு எல்லோரும் கூடி, எழுதியதை உரக்கப் படிப்பார்கள். சிரிப்பு வந்தால் ஒரு கட்டில் போகும், தேறாதது வேறு கட்டுக்குப் போகும். யார் எந்த வேஷம் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். டைட்டிலில் ‘இந்தக் காட்சியை எழுதியவர் இன்னார்’ என்று தனித்தனியாகப் போடுவதில்லை. எழுதி நடித்தவர்கள் என்று எல்லார் பெயரும் சேர்ந்தே வரும். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். உங்கள் போஸ்டரில் யார் பெயர் எங்கே வருகிறது என்று ஒரு தரம் எடுத்துப் பார், புரியும்.

அந்த மேசையில் சண்டை கடுமையாக இருந்தது. முக்கியமாக கிளீஸுக்கும் ஜோன்ஸுக்கும். கிளீஸ் சட்டம் படித்தவர். வக்கீல் மாதிரி தர்க்கம் வைத்துப் பேசுவார், நக்கலாகக் குத்துவார். ஜோன்ஸ் வேல்ஸ் நாட்டுக்காரர். மனசுக்குப் பட்டதை விடவே மாட்டார். முடிவாகிவிட்ட விஷயத்தையும் மறுபடி கிளப்புவார் என்று கிளீஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒரு காட்சி எப்படி முடிய வேண்டும், ஒரு நிகழ்ச்சிக்குள் காட்சிகள் எப்படி ஒன்றிலிருந்து ஒன்று வழுக்கிப் போக வேண்டும் என்றெல்லாம் வாக்குவாதம். கடைசியில் பஞ்ச் வைத்துத்தான் முடிக்க வேண்டும் என்ற பழைய கட்டாயத்தையே தூக்கி எறிந்துவிட்டு, பாதியில் அறுத்துக் கில்லியமின் அனிமேஷனுக்குத் தாவினார்கள். அவர்களுடைய அடையாளமே அதுதான். எல்லோரும் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அது பிறந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஒரு காட்சியையே எடுத்துக்கொள். செத்துப்போன கிளியைத் தலையில் கட்டிவிட்டு, அது உயிரோடுதான் இருக்கிறது என்று சாதிக்கும் கடைக்காரர். 1969-இல் வந்தது. இதன் முந்தைய வடிவம், அதற்கு முந்தின வருஷம் அவர்களில் சிலர் செய்த வேறொரு நிகழ்ச்சியில் இருக்கிறது. அங்கே கிளி கிடையாது, கார். பாகங்கள் கழன்று விழும், கதவு கையோடு வரும், விற்றவர் மட்டும் அதெல்லாம் ஒன்றுமில்லை என்பார். அதுவும் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் கிளீஸும் சாப்மனும் அதைத் திரும்ப எடுத்து உட்கார்ந்து, கார் இருந்த இடத்தில் கிளியை வைத்தபோதுதான் பைத்தியக்காரத்தனம் முழுசாக வந்தது. காரில் கோளாறா இல்லையா என்று வாதாட இடம் உண்டு. செத்ததைச் செத்ததில்லை என்று சொல்ல என்ன இடம் இருக்கிறது? அடித்துத் திருத்தாமல் இது கிடைக்காது, தம்பி. உன் நண்பன் எழுதியதை ‘நல்லாயிருக்கு மச்சான்’ என்று விட்டுவிடுவது அவனுக்கு நீ செய்யும் உபகாரமில்லை.

இதில் எனக்கு மனசு உறுத்துவது ஐடில் விஷயம். ஜோடிகளில் ஒருவர் எழுதியதற்கு இன்னொருவர் கூடவே சிரிப்பார், கூடவே வாதாடுவார். தனியாக எழுதியவருக்கு அவர் குரல் மட்டும்தான். உங்களில் மூன்று பேர் ஒரே ரூமில் தங்கியிருக்கிறீர்கள் என்று எழுதியிருந்தாய். ஒத்திகைக்கு வருமுன்னே அந்த ரூமில் பாதி முடிவு ஆகிவிடும். மற்ற இரண்டு பேருக்கும் மேசையில் மிஞ்சுவது என்ன என்று யோசித்துப் பார்.

இப்போது சாப்மன்.

அவர் டாக்டருக்குப் படித்துத் தேறியவர். ஆறு பேரில் எது சிரிப்பு, எது இல்லை என்று உள்ளுணர்வால் சொல்லக்கூடியவர். ஆனால் குடித்தார், நிறையக் குடித்தார். லேட்டாக வந்தார், வசனம் மறந்தார். கூட உட்கார்ந்து எழுதிய கிளீஸுக்கு அந்தச் சுமை வருஷத்துக்கு வருஷம் ஏறியது. செய்ததையே திரும்பச் செய்கிறோம் என்ற சலிப்பும் சேர்ந்துகொள்ள, மூன்றாவது தொடரோடு கிளீஸ் விலகிவிட்டார். நான்காவது தொடர் அவர் இல்லாமல் ஆறு நிகழ்ச்சிகளோடு முடிந்தது.

1974-இல் ஸ்காட்லாந்தில் ‘ஹோலி கிரெயில்’ படம் எடுத்தார்கள். கவசம் என்று படத்தில் தெரிவது கம்பளி நூலில் பின்னி வெள்ளிப் பூச்சு அடித்தது; மழையில் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டு கனத்தது. சாப்மன்தான் ஆர்தர் அரசர். படப்பிடிப்பின் ஆரம்பமே மலைப் பள்ளத்தாக்கின் மேல் ஒரு தொங்கு பாலம். காலை நேரம், குடிக்க எதுவும் கிடைக்காத இடம். அவருக்குக் கை கால் நடுக்கம் எடுத்துவிட்டது. மலையேறிப் பழகிய மனிதரால் அந்தப் பாலத்தில் கால் வைக்க முடியவில்லை. ஒரு வார்த்தைக்காக மணிக்கணக்கில் வாதாடத் தெரிந்த ஆறு பேர், இந்த ஒன்றைப் பற்றி மட்டும் முகத்துக்கு நேராக உட்கார்ந்து பேசியதாக நான் படித்ததில்லை. சமாளித்தார்கள், கேலி செய்தார்கள், வேலையைப் பார்த்தார்கள்.

சாப்மன் தானாகவே, 1977-இன் கடைசியில், குடியை நிறுத்தினார். மறு வருஷம் துனீசியாவில் ‘லைஃப் ஆஃப் பிரையன்’ படப்பிடிப்பு. கதாநாயகன் அவர்தான். வசனம் ஒன்றும் தப்பவில்லை. போதாததற்கு, படக்குழுவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் அவரே வைத்தியம் பார்த்தார். இன்னொரு மாற்றமும் இருந்தது. ‘ஹோலி கிரெயில்’ படத்தை ஜோன்ஸும் கில்லியமும் சேர்ந்து இயக்கி, நடிகர்களோடும் தங்களுக்குள்ளும் உரசிக்கொண்டார்கள். இந்த முறை இயக்கம் ஜோன்ஸ் மட்டும், கில்லியம் காட்சி வடிவமைப்பு. யாருக்கு எது வரும் என்று பார்த்து வேலையைப் பிரித்துக்கொண்டதும் பாதி உரசல் குறைந்தது.

என் சொந்த விஷயம் ஒன்றையும் உனக்குச் சொல்லியாக வேண்டும். இதுவரை யாருக்கும் எழுதியதில்லை.

முப்பது வருஷத்துக்கு முன் நான் ஒரு சபா நாடகக் குழுவில் இருந்தேன். அங்கே மாமனார் வேஷம் கட்டும் அண்ணன் ஒருவர் இருந்தார், டைமிங்கில் ராஜா. திடீரென்று வசனத்தைத் தவறவிட ஆரம்பித்தார். நாம் சொல்லி முடித்து, சபை சிரித்து ஓய்ந்து, அப்புறமும் அவர் நம் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். “அண்ணனுக்கு டிரங்க் கால் போட்டால்தான் லைன் கிடைக்கும்” என்று நான்தான் முதலில் சொன்னேன். குழுவே சிரித்தது, அவரும் சிரித்தார். அது எங்கள் ஒத்திகையில் நிரந்தர ஜோக் ஆகிவிட்டது. ஆறு மாதம் கழித்து, ஒருநாள் நாடகத்தில் விளக்கு மங்கும் காட்சி. என் வசனத்துக்கு அவர் பதிலே சொல்லவில்லை. இருட்டில் என் உதடு அவருக்குத் தெரியவில்லை. அண்ணனுக்கு இரண்டு காதும் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது என்று மறுநாள் அண்ணிதான் சொன்னார்கள். “கூட்டாளிங்ககிட்ட சொல்லுங்கன்னேன், அவங்க ஏற்கெனவே சிரிக்கிறாங்க, இதையும் எதுக்குச் சொல்லணும்னுட்டார்” என்றார்கள். அதற்குப் பிறகு அண்ணன் மேடையேறவில்லை.

கேலிக்கு உள்ளான ஆள் சிரித்தால் அவனுக்கும் சம்மதம் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். காமெடி குழுவில் சிரிக்காமல் இருப்பவன் ‘ஸ்போர்ட்டிவ் இல்லாதவன்’ ஆகிவிடுவான், அதனால் எல்லோரும் சிரிப்பார்கள். நண்பனை ஓட்டுவதே தப்பென்று நான் சொல்லவில்லை. சாப்மன் 1989 அக்டோபர் 4 அன்று, முதல் நிகழ்ச்சியின் இருபதாம் ஆண்டு நிறைவுக்கு முதல் நாள், புற்றுநோயில் இறந்தார். வயது 48. இரங்கல் கூட்டத்தில் கிளீஸ் எழுந்து, அந்தச் செத்த கிளிக் காட்சியின் வார்த்தைகளையே எடுத்து நண்பரின் சாவை அறிவித்தார், பிறகு அவரை ஒட்டுண்ணி என்று திட்டினார். கூடியிருந்தவர்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். 1998-இல் அமெரிக்காவில் ஒரு மேடையில் மீதி ஐந்து பேரும் கூடியபோது, சாப்மனின் அஸ்தி என்று சொல்லி ஒரு கலசத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். கில்லியமின் கால் பட்டு அது கவிழ்ந்தது. கொட்டிய சாம்பலைத் துடைப்பத்தால் கூட்டி, வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்தார்கள். எல்லாம் முன்பே பேசி வைத்த நாடகம். சாப்மன் இருந்திருந்தால் அதைத் தானே எழுதியிருப்பார் என்று அந்த ஐந்து பேருக்கும் தெரியும். அப்படித் தெரிந்த கேலியும், நீங்கள் உங்கள் நண்பன்மேல் இரண்டு மாதமாக வீசும் கேலியும் ஒன்றா என்று நீயே பார்த்துக்கொள்.

ஸ்கிரிப்ட் சண்டையை நிறுத்தாதே. மேசையில், எல்லார் எதிரிலும், வரி வரியாகப் போடுங்கள். அவன் ஏன் லேட்டாக வருகிறான் என்பதை மட்டும் அந்த மேசைக்குக் கொண்டுவராதே. அடுத்த ஒத்திகைக்கு முன்னால் அவன் வீட்டுக்குப் போ. அவன் அம்மா போடும் காபியைக் குடி. மற்ற மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போகாதே. நாலு பேர் சேர்ந்து நின்றால் நீங்கள் மறுபடி ஜோக் அடிக்க ஆரம்பித்துவிடுவீர்கள். அவனும் சிரித்துவிடுவான்.

அன்புடன்,
உன் அண்ணன்