தீரு அழிந்துபோன நகரமா?

லெபனானின் தென் கடற்கரையில் ‘சூர்’ என்றொரு துறைமுக ஊர் இருக்கிறது. விவிலியம் வாசிப்பவர்கள் அதைத் தீரு என்று அறிவார்கள். ஒரு காலத்தில் கரையை விட்டு விலகிய தீவாக இருந்த இந்த வணிக நகரத்தைச் சுற்றி உலவும் ஐந்து நம்பிக்கைகளைச் சற்று உரசிப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: பினீசியா என்ற நாட்டின் தலைநகரம் தீரு.

உண்மை: அப்படி ஒரு நாடு இருந்ததில்லை. தீரு, சீதோன், பிப்லோஸ், அர்வாத் எல்லாம் தனித்தனி அரசர்கள் ஆண்ட நகரங்கள். ‘பினீசியர்’ என்பது கிரேக்கர் வைத்த பெயர். கி.மு. 332இல் அலெக்சாந்தர் தீருவை முற்றுகையிட்டபோது, சீதோன், பிப்லோஸ் கப்பல்கள் அவருக்காகவே போரிட்டன.

நம்பிக்கை 2: அகரவரிசை எழுத்தைக் கண்டுபிடித்தவர்கள் பினீசிய வணிகர்களே.

உண்மை: ஒலிக்கு ஓர் எழுத்து என்ற முறை அவர்களுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பிறந்துவிட்டது. சினாயின் செராபித் எல்-காதிம் சுரங்கப் பகுதியில் அதன் பழைய தடயங்கள் கிடைத்துள்ளன. பினீசியர் கையாண்டது 22 மெய்யெழுத்துகள் கொண்ட வடிவம். உயிர் ஒலிகளுக்கு எழுத்து ஒதுக்கியவர்கள் கிரேக்கர். அந்த முறையைக் கடல் தாண்டிப் பரப்பியதே பினீசியரின் பெருமை.

நம்பிக்கை 3: மெல்கார்ட் கடவுளின் நாய் கடல் நத்தையைக் கடித்து வாய் சிவந்ததால், ஊதாச் சாயம் தீருவில்தான் முதலில் தோன்றியது.

உண்மை: அது புராணக் கதை. கிரீட் தீவினர் கி.மு. இரண்டாம் ஆயிரமாண்டின் முற்பகுதியிலேயே நத்தையிலிருந்து சாயம் எடுத்தார்கள். தீரு அதைப் பெருந்தொழிலாக்கி உலகப் புகழ் பெற்றது. 1909இல் வேதியியலாளர் பிரீட்லாண்டரால் 12,000 நத்தைகளிலிருந்து எடுக்க முடிந்த சாயம் 1.4 கிராம் மட்டுமே. விலை ஏன் எட்டாத உயரத்தில் இருந்தது என்பது இதிலேயே புரியும். சாயப் பட்டறைகள் ஊரைக் குடியிருக்க லாயக்கற்றதாக்கினாலும் செல்வத்தைக் கொட்டின என்கிறார் பண்டைக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ.

நம்பிக்கை 4: தீவைக் கரையோடு இணைத்த நிலம் முழுக்க அலெக்சாந்தர் கட்டியது.

உண்மை: பழைய கரையோர ஊரை இடித்த கற்களைக் கொட்டி அவர் பாதை போட்டது உண்மை. ஆனால் தீவுக்கும் கரைக்கும் நடுவே நீருக்கடியில் ஏற்கெனவே மணல் திட்டு இருந்ததை 2007இல் வெளியான நிலவியல் ஆய்வு காட்டியது. கடல் அங்கே ஆழமில்லை என்பதால்தான் அந்த வேலை சாத்தியமானது. பிறகு பல நூற்றாண்டுகளாக அலைகள் கொண்டுவந்த மணல் சேர்ந்து அகன்ற நிலமானது. பாதை மட்டும் மதிலை வீழ்த்தவும் இல்லை. இருநூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் வந்து சேர்ந்த பிறகே, ஏழு மாத முற்றுகை முடிவுக்கு வந்தது.

நம்பிக்கை 5: பாபிலோன் அரசர் நேபுகாத்நேச்சார் நொறுக்கினார், அலெக்சாந்தர் துடைத்தெடுத்தார், அதோடு தீரு முடிந்தது.

உண்மை: நேபுகாத்நேச்சார் 13 ஆண்டுகள் முற்றுகையிட்டும் உழைத்ததற்குக் கூலி கிடைக்கவில்லை என்று விவிலியத்தின் எசேக்கியேல் ஆகமமே சொல்கிறது. அலெக்சாந்தரின் வெற்றி கொடூரமானது. சுமார் 30,000 பேர் அடிமைகளாக விற்கப்பட்டதாகப் பண்டை வரலாற்றாசிரியர் அர்ரியன் எழுதுகிறார். ஆனாலும் 17 ஆண்டுகளுக்குள், கி.மு. 315இல், அதே நகரத்தைப் பிடிக்க அலெக்சாந்தரின் தளபதி ஆண்டிகோனஸ் ஓராண்டுக்கு மேல் முற்றுகையிட வேண்டியிருந்தது. செத்த ஊருக்கு யாரும் அவ்வளவு காலம் காவல் கிடக்க மாட்டார்கள். உரோமர் காலத்தில் அங்கே பிரம்மாண்டமான தேர்ப் பந்தயத் திடல் எழுந்தது. கி.பி. 1124இல் சிலுவைப் போராளிகள் கைப்பற்றினார்கள்; 1291இல் மம்லூக்குகளிடம் வீழ்ந்தது. இடையிடையே நலிந்தாலும் பிறகு மீண்டது.

1984இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பழைய நகரத்தின் பெரும்பகுதியை அகழ்ந்து பார்க்க முடியாததற்குக் காரணம், அதன் மேல் வீடுகள் இருப்பதுதான். தீருவில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள்.