பில்லில் உள்ள பதினைந்து எழுத்து: ஜிஎஸ்டி எண்ணைப் படிப்பதும் சரிபார்ப்பதும்

எங்கள் தாம்பரம் பக்கத்தில் ஜிஎஸ்டி என்றால் முதலில் ரோடுதான். கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு என்பதைச் சுருக்கி ஜிஎஸ்டி ரோடு என்று மூன்று தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். 2017 ஜூலை 1-ல் அதே பெயரில் வரியும் வந்தது. குரோம்பேட்டையிலிருந்து கூடுவாஞ்சேரி வரை அந்த ரோட்டில் இருக்கிற கடைகளின் பலகையைப் பாருங்கள். பலவற்றில் கீழ்வரியில் நீளமாக ஓர் எண் இருக்கும். பதிவு பெற்ற வியாபாரி கடை வாசல் பலகையில் அந்த எண்ணைப் போட வேண்டும், பதிவுச் சான்றிதழை உள்ளே கண்ணில் படுகிற இடத்தில் மாட்ட வேண்டும் என்பது விதி. இந்தப் பாடம் அந்த எண்ணைப் பற்றியது.

"வரி நமக்கு எதுக்கு சார், நாமதான் விவசாயியாச்சே" என்று கூட்டங்களில் நண்பர்கள் கேட்பதுண்டு. பாதி சரி. சொந்த உழைப்பிலோ, குடும்பத்தார் உழைப்பிலோ, தன் நேரடி மேற்பார்வையில் கூலியாள் வைத்தோ நிலத்தைப் பயிர் செய்கிறவர், அந்த நிலத்தில் விளைந்ததை விற்கிற அளவுக்கு ஜிஎஸ்டி பதிவு எடுக்க வேண்டியதில்லை. சட்டத்தின் 23-வது பிரிவு இதைச் சொல்கிறது. இது தனிநபருக்கும் இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கும் மட்டும்தான். கூட்டு வியாபாரத்துக்கும் உழவர் உற்பத்தியாளர் கம்பெனிக்கும் இந்தச் சலுகை இல்லை.

மீதிப் பாதியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். விற்கும்போது நமக்கு வரி இல்லை, வாங்கும்போது உண்டு. பீப்பாய், பம்பு, சொட்டுநீர்க் குழாய், எண்ணெய்ச் செக்கு, பாட்டில், லேபிள் எல்லாவற்றுக்கும் வரி கட்டித்தான் வாங்குகிறோம். வியாபாரி தான் கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவு என்று கழித்துக்கொள்வார். பதிவு இல்லாத உழவருக்கு அந்த வசதி கிடையாது. கொடுத்த வரி கொடுத்ததுதான், அது சாகுபடிச் செலவில் சேர்ந்துவிடும். அப்படிக் கொடுக்கிற பணம் அரசுக்குப் போகிறதா, இல்லை யாரோ ஒருத்தர் பையில் தங்குகிறதா என்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. பதிவு பெறாதவர் யாரும் வரி என்ற பெயரில் ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது என்று 32-வது பிரிவு சொல்கிறது.

எண்ணைப் படிக்கிற வித்தைக்கு வருவோம்.

மொத்தம் பதினைந்து இடம். முதல் இரண்டு இடம் மாநிலம். தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34, கேரளாவுக்கு 32, கர்நாடகத்துக்கு 29, ஆந்திராவுக்கு 37, தெலங்கானாவுக்கு 36. அடுத்த பத்து இடமும் அந்த வியாபாரியின் வருமான வரி பேன் எண் அப்படியே. பதின்மூன்றாவது இடம், அதே பேனில் அதே மாநிலத்தில் இது எத்தனையாவது பதிவு என்பது. பெரும்பாலும் 1 தான் இருக்கும். பதினான்காவது இடத்தில் வழக்கமாக இசட். பதினைந்தாவது சரிபார்ப்பு எழுத்து.

இதில் ருசியான பகுதி நடுவில் இருக்கிற பேன்தான். பேனில் முதல் ஐந்து ஆங்கில எழுத்து, பிறகு நான்கு எண், கடைசியில் ஓர் எழுத்து. நான்காவது எழுத்து அந்த ஆள் யார் என்று காட்டிக்கொடுத்துவிடும். தனிநபர் என்றால் பி (பேன் என்ற சொல்லின் முதல் எழுத்தாக வருகிற பி). கம்பெனி என்றால் சி. கூட்டு நிறுவனம் என்றால் எஃப். இந்துக் கூட்டுக் குடும்பம் என்றால் எச். அறக்கட்டளை என்றால் டி. ஐந்தாவது எழுத்து, தனிநபராக இருந்தால் குடும்பப் பெயரின் முதலெழுத்து. நம்ம ஊரில் அது பெரும்பாலும் அப்பா பெயராக இருக்கும். மற்றவர்களுக்கு நிறுவனப் பெயரின் முதலெழுத்து. வங்கியில் கணக்கு திறக்க வருகிறவர்களின் பேனைப் பார்க்கும்போது நாங்கள் முதலில் பார்ப்பது இந்த நான்காவது எழுத்தைத்தான். ஓய்வுக்குப் பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. எந்த பில் கைக்கு வந்தாலும் கண் அங்கேதான் போகிறது.

ஜிஎஸ்டி எண்ணில் மாநிலத்துக்கு இரண்டு இடம் முன்னால் இருப்பதால், பேனின் நான்காவது எழுத்து இங்கே ஆறாவது இடத்தில் வரும். எண்ணிப் பாருங்கள்.

கடைசி எழுத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முந்தைய பதினான்கு எழுத்தையும் ஒரு கணக்கில் போட்டால் கிடைப்பதுதான் அது. 0 முதல் 9 வரை அதே மதிப்பு, ஏ-க்கு 10, அப்படியே போய் இசட்டுக்கு 35. ஒன்று விட்டு ஒன்றை இரண்டால் பெருக்கி, 36-ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டிக்கொண்டே போய் கடைசியில் ஓர் எழுத்து வரும். கையால் போட வேண்டியதில்லை, கணினி போட்டுவிடும். ஆதார் எண்ணின் கடைசி இலக்கமும் இதே வேலைக்குத்தான். நடுவில் ஒரு எண்ணை மாற்றி எழுதினால் கடைசி எழுத்து ஒத்துவராது, தப்பு தெரிந்துவிடும். ஆனால் அது எழுத்துப்பிழையைத்தான் பிடிக்கும். வேறொருத்தருடைய சரியான எண்ணைத் தூக்கி நம்ம பில்லில் போட்டால் இந்தக் கணக்கு "சரி" என்றே சொல்லும். எண் சரியாக இருப்பது வேறு, அது பில் கொடுக்கிறவருடையதாக இருப்பது வேறு. அதற்குத்தான் அரசு இணையதளத்தில் பார்க்க வேண்டும்.

ஜிஎஸ்டி டாட் கவ் டாட் இன் என்ற தளத்தில் "சர்ச் டாக்ஸ்பேயர்" என்று ஒரு பகுதி இருக்கிறது. உள்ளே நுழைய பாஸ்வேர்டு எதுவும் வேண்டாம், பைசா செலவில்லை. பதினைந்து எழுத்தையும் போட்டு, படத்தில் தெரிகிற எண்ணைத் தட்டினால் போதும். சட்டப்படியான பெயர், கடைப் பெயர், பதிவு செய்த தேதி, தனிநபரா கம்பெனியா, தொழில் நடக்கும் முகவரி, சாதாரணப் பதிவா காம்போசிஷன் பதிவா, இப்போது உயிரோடு இருக்கிறதா, இதெல்லாம் வந்துவிடும்.

எங்கள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். படப்பை, மணிமங்கலம் பக்கத்து நண்பர்கள் இருபது பேர் சேர்ந்து, பஞ்சகவ்யமும் மீன் அமிலமும் போட்டு வைக்க ஆளுக்கு இரண்டாக 200 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாய் நாற்பது வாங்குவது என்று முடிவானது. ஒரு விற்பனையாளர் விலைப்புள்ளி கொடுத்தார். பீப்பாய் 1,500 வீதம் 60,000 ரூபாய், மத்திய ஜிஎஸ்டி 5,400, மாநில ஜிஎஸ்டி 5,400, ஆக 70,800. கணக்கில் பிசகில்லை. தலைப்பில் "பிரைவேட் லிமிடெட்" என்று பெரிய எழுத்து. எண்ணின் ஆறாவது இடத்தைப் பார்த்தால் தனிநபருக்கான பி. பிரைவேட் லிமிடெட் கம்பெனிக்கு அங்கே சி அல்லவா இருக்க வேண்டும்? தளத்தில் போட்டுப் பார்த்தோம். வேறு ஊரில் துணி வியாபாரம் செய்த ஒருவர் பெயர் வந்தது. பதிவு ரத்தாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கேட்டதற்கு, "அச்சடிச்சவன் தப்பா போட்டுட்டான் சார், வேற பில் தர்றேன்" என்றார். நாங்கள் வேறு கடையில் வாங்கிக்கொண்டோம். 10,800 ரூபாய் என்பது எங்களில் ஒருவருக்கு ஒரு போக நாற்று நடவுக் கூலி.

தளத்தில் வருகிற நிலையைப் படிப்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். "ஆக்டிவ்" என்றால் நடப்பில் இருக்கிறது. "கேன்சல்டு" என்றால் ரத்து. கூடவே ரத்தான தேதியும் வரும், உங்கள் பில் தேதி அதற்கு முன்பா பின்பா என்று பாருங்கள். "சஸ்பெண்டட்" என்றால் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது; அந்த நிலையில் வரி போட்டு விற்கக் கூடாது. "காம்போசிஷன்" என்று இருந்தால் அவர் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி வரை விற்றுமுதல் உள்ள சிறு வியாபாரி, தன் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தன் கையிலிருந்து கட்டுகிறவர். உங்களிடம் தனியாக வரி வாங்கக் கூடாது, வெளிமாநிலத்துக்கு விற்கவும் கூடாது. அவர் பில்லில் வரி என்று தனிக் கட்டம் இருந்தாலே தவறு. புறநகர் உரக்கடை, நாற்றங்கால் பில்களில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

கீழே ரிட்டர்ன் தாக்கல் செய்த தேதிகளும் தெரியும். ஐந்து கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்யலாம், அதனால் நடுவில் இரண்டு மாதம் காணவில்லை என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஒரு வருஷமாக எதுவும் இல்லை என்றால் யோசிக்க வேண்டியதுதான்.

உழவர் உற்பத்தியாளர் கம்பெனி நடத்துகிற நண்பர்களுக்கு இது பொழுதுபோக்கு அல்ல. கம்பெனி ஜிஎஸ்டி பதிவு பெற்றிருந்தால், வாங்கிய இயந்திரத்துக்கும் பொட்டலப் பைக்கும் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் விற்றவர் அந்த பில்லைத் தன் ரிட்டர்னில் காட்டி வரியைக் கட்டியிருக்க வேண்டும். அவர் கட்டாவிட்டால் நம் வரவு போய்விடும், வட்டியோடு திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வரும். பங்குதாரர்களான உழவர்களின் பணம் அது. முதல்முறை வாங்கும் கடை என்றால், காசோலை எழுதும் முன் தளத்தில் பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வவுச்சரோடு குத்தி வையுங்கள்.

வேறு சில எண்களோடு இதைக் குழப்பிக்கொள்வதும் நடக்கிறது. பழைய பலகைகளில் டின் எண் என்று பதினொரு இலக்கம் இருக்கும், அதுவும் 33-ல் தொடங்கும். அது வாட் வரிக் காலத்தது, ஜிஎஸ்டி பில்லில் அதற்கு வேலை இல்லை. உணவுப் பாதுகாப்பு உரிமம் பதினான்கு இலக்கம், நடுவில் எழுத்தே இருக்காது. இன்னொன்று எனக்கு எரிச்சல் தருவது. மண்புழு உர மூட்டையிலும் "ஆர்கானிக்" அரிசிப் பையிலும் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு, மேலே "அரசுப் பதிவு பெற்றது" என்று அச்சடிக்கிறார்கள். வரி வசூலிக்கப் பதிவு செய்திருக்கிறார் என்பதைத் தவிர அந்த எண் வேறு எதையும் சொல்லாது. இயற்கை விளைபொருளுக்கு அங்ககச் சான்றளிப்புத் துறையின் சான்றோ, பிஜிஎஸ் குழுச் சான்றோதான் கேட்க வேண்டும்.

வரி விகிதமும் ஒரு வார்த்தை. வேம்பு சார்ந்த பூச்சிவிரட்டி, டிரைகோடெர்மா, சூடோமோனாஸ் போன்ற உயிரியல் மருந்துகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 12 சதவீதம் 5 ஆகக் குறைந்துவிட்டது. சொட்டுநீர்க் கருவிக்கும் அப்படியே. பழைய விகிதத்திலேயே பில் வந்தால் கேளுங்கள்.

கடைசியாக, நம் பேனை நாமே தேடிப் பார்ப்பது. அதே தளத்தில் பேன் எண்ணைப் போட்டுத் தேடவும் வசதி உண்டு. ஒரு பேனில் நாடு முழுக்க எத்தனை ஜிஎஸ்டி பதிவு இருக்கிறது என்று காட்டும். கூலித் தொழிலாளிக்குக் கோடிக்கணக்கில் வரி பாக்கி என்று நோட்டீஸ் வந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம். கடனுக்கு, மானியத்துக்கு, பங்குக்கு என்று ஆதார், பேன் நகலை நம்மவர்கள் யார் கேட்டாலும் கொடுத்துவிடுகிறோம். அதை வைத்துப் போலிப் பதிவு எடுத்து, பில் மட்டும் விற்று மறைந்துவிடுகிற கூட்டம் இருக்கிறது. இப்படிப்பட்ட பதிவுகளைப் பிடிக்கவே 2023-லும் 2024-லும் நாடு முழுக்கத் தனிச் சோதனை நடந்தது. நீங்கள் எடுக்காத பதிவு உங்கள் பேனில் தெரிந்தால், அந்தப் பக்கத்தை அச்செடுத்து, பதிவு காட்டுகிற வரி அலுவலகத்துக்கு விரைவுத் தபாலில் எழுதுங்கள். காவல் நிலையத்திலும் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஜிஎஸ்டி உதவி எண் 1800-103-4786, கட்டணம் கிடையாது. இனி நகல் கொடுக்கும்போது, எதற்காக, எந்தத் தேதியில் கொடுத்தது என்று நகலின் குறுக்கே பேனாவால் எழுதி, அதன் மேலேயே கையெழுத்துப் போடுங்கள்.