புது ஸ்பிரிங் போட்டால் வண்டியின் உயரத்தை அளந்து பாருங்கள்

மண்டியிலிருந்து மூட்டை ஏற்றி வரும் வேனின் பின்புறம் தொங்கிப் போனால், வெளிச்சந்தையில் கடினமான ஸ்பிரிங் வாங்கிப் போடுவது நம் வணிகர்கள் பலருக்கும் வழக்கம். வண்டிக்குப் பொருத்தமானதாக இருந்தால் அதில் குறையில்லை. ஆனால் ஸ்பிரிங் மாட்டியதோடு வேலை முடிவதில்லை. வண்டி இப்போது எந்த உயரத்தில் நிற்கிறது என்று அளந்து, வேண்டிய அளவுக்குச் சரிசெய்ய வேண்டும். இதை விட்டுவிட்டால் பிரேக்கே சரியாகப் பிடிக்காமல் போகலாம்.

உயரம் ஏன் மாறுகிறது?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பழைய ஸ்பிரிங் 20 கிலோவுக்கு 1 செ.மீ. அமுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். காலி வண்டியில் அதன் மேல் 200 கிலோ பாரம் இருந்தால் 10 செ.மீ. அமுங்கும். புதிய ஸ்பிரிங் 25 கிலோவுக்கு 1 செ.மீ. என்றால் 8 செ.மீ.தான் அமுங்கும். ஆகவே, இரண்டும் ஒரே நீளமாக இருந்தாலும் வண்டி 2 செ.மீ. தூக்கி நிற்கும். அந்த ஸ்பிரிங் மேல் இன்னும் 200 கிலோ சரக்கு ஏறினால் வித்தியாசம் 4 செ.மீ. ஆகிவிடும்.

அளக்கும் முறை

1. பழைய ஸ்பிரிங்கைக் கழற்றும் முன்பே அளந்து எழுதி வையுங்கள். சமமான சிமெண்ட் தரையில் காலி வண்டியை நிறுத்தி, டயர்களில் கம்பெனி சொன்ன அளவு காற்று நிரப்பி, ஸ்டியரிங்கை நேராக வையுங்கள்.

2. தரையிலிருந்து அளக்காதீர்கள். டயர் தேய்மானம் கணக்கைக் கெடுக்கும். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை நான்கு சக்கரங்களிலும் அளக்க வேண்டும்.

3. புதியதை மாட்டி ஜாக்கியிலிருந்து இறக்கியவுடன் வரும் அளவை நம்ப வேண்டாம். வண்டியைச் சற்று முன்னும் பின்னும் உருட்டி, நான்கு மூலையிலும் அமுக்கி விட்டு, பிறகு அளங்கள்.

4. ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை வண்டி தன் சக்கரங்களில் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு உயரத்தைப் பொய்யாகக் காட்டும். சீக்கிரம் கிழியவும் செய்யும்.

5. சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி அளங்கள். புது ஸ்பிரிங் சிறிது இறங்கி அமரும். பட்டை ஸ்பிரிங்காக இருந்தால் யு போல்ட்டுகளையும் அப்போது மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.

சரிசெய்யும் முறை

மாருதி ஆம்னி போல பின்னால் பட்டை ஸ்பிரிங் உள்ள வண்டியில், கூடுதலாகப் போட்ட பட்டையை எடுத்தோ, பட்டைகளின் வளைவை ஸ்பிரிங் பட்டறையில் திருத்தியோ உயரத்தை மாற்றலாம். ஈக்கோ போல சுருள் ஸ்பிரிங் உள்ள வண்டியில், சரியான நீளமுள்ள ஸ்பிரிங்கோ, அது உட்காரும் இடத்தில் தகுந்த கனமுள்ள வளையமோ போட வேண்டும். உயரத்தைக் குறைக்கக் கேஸ் வைத்துச் சுடுவதை அனுமதிக்காதீர்கள். சூட்டில் எஃகின் பதம் போய், பாரத்தோடு ஓடும்போது ஸ்பிரிங் முறியலாம்.

சில கார்களில் மரை வளையத்தைத் திருகி உயரத்தை மாற்றும் ஸ்பிரிங் போடுகிறார்கள். வளையத்தை 1 செ.மீ. ஏற்றினால் வண்டியும் 1 செ.மீ. ஏறும் என்பதில்லை. ஸ்பிரிங் சக்கரத்துக்கு உள்ளே தள்ளி இருந்தால் வண்டி அதைவிட அதிகமாக ஏறும். வெள்ளிக்கோல் பிடித்த நமக்கு இந்த நெம்புகோல் கணக்குப் புதிதல்ல. எனவே சிறிது சிறிதாகத் திருகி ஒவ்வொரு முறையும் அளக்க வேண்டும்.

இடது வலது வித்தியாசம் இருந்தால், ஸ்பிரிங்கின் முனை அதன் இருக்கையில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு மூலையை மட்டும் ஏற்றினால் பாரம் அந்தச் சக்கரத்திலும், குறுக்கே எதிர்மூலைச் சக்கரத்திலும் கூடும். நாற்காலியின் ஒரு காலுக்கு அட்டை வைப்பதுபோலத்தான் இதுவும்.

பிரேக் எப்படிக் கெடுகிறது?

பல வேன்களிலும் சிறு சரக்கு வண்டிகளிலும் பின் ஆக்சிலுக்கும் உடம்புக்கும் இடையே பாரம் பார்க்கும் பிரேக் வால்வு ஒன்று உண்டு. சரக்கு ஏறி உடம்பு தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். காலியாக உயர்ந்து நின்றால் குறைக்கும். இந்த வால்வுக்குத் தெரிந்தது உயரம் ஒன்றுதான். கடின ஸ்பிரிங்கால் வண்டி தாழாமல் நின்றால், பத்து மூட்டை இருந்தாலும் காலி என்றே அது எடுத்துக்கொள்ளும். பின் பிரேக் போதாமல் வண்டி தள்ளி நிற்கும். ஆகவே ஸ்பிரிங் மாற்றிய பின் இந்த வால்வைப் புதிய உயரத்துக்கு ஏற்ப வைக்கச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். கூடவே வீல் அலைன்மெண்ட், முகப்பு விளக்கின் ஒளிமட்டம், பிரேக் ஹோஸ் இழுபடுகிறதா என்பது ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

முடிவாக ஒன்று

பாரம் ஏற்றியும் வண்டி நிமிர்ந்து நிற்கிறது என்பதால் இன்னும் நான்கு மூட்டை ஏற்றலாம் என்று எண்ணிவிடக் கூடாது. ஸ்பிரிங் மாறியதே தவிர ஆக்சில், டயர், பிரேக் எல்லாம் பழையவைதாம். ஆர்.சி.யில் உள்ள எடையே எல்லை. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, அதிக பாரத்துக்கு ரூ.20,000-மும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000-மும் அபராதம் என்கிறது. அபராதத்தைக் கட்டிவிடலாம். வண்டி ஓட்டும் பையனுக்கும் எதிரே வருபவருக்கும் ஏதாவது நேர்ந்தால் அதை எந்தக் கணக்கிலும் சரிக்கட்ட முடியாது. கடைத் தராசை நாள்தோறும் சரிபார்க்கும் நாம், வண்டியின் உயரத்தையும் ஒரு டேப் கொண்டு சரிபார்த்துக்கொள்வோம்.