மழலை எப்போது தெளிய வேண்டும்?

"வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, பள்ளியில் ஆங்கிலம். பிள்ளை குழம்பிவிட்டான்; தமிழை நிறுத்திவிடலாமா?" தில்லியில் பேச்சுப் பயிற்சி அளிக்கும் என்னிடம் நம் பெற்றோர் அதிகம் கேட்பது இதைத்தான். நிறுத்த வேண்டாம். பல மொழிகளைக் கேட்டு வளர்வதால் மொழிக் கோளாறு வருவதில்லை. கோளாறு இருந்தால், தமிழை நிறுத்தினாலும் அது ஹிந்தியில் இருக்கும்; பாட்டியோடு பேச்சு அற்றுப்போவதுதான் மிச்சம்.

ஹிந்தியில் சாப்பாட்டுக்கும் பாட்டுக்கும் முதல் எழுத்தின் ஒலிதான் வேறு. தமிழில் இரண்டையும் 'கானா' என்றே எழுதுவோம். நம் குழந்தை இரண்டையும் ஒன்றாக உச்சரித்தால் அது தமிழ்ப் பழக்கம், கோளாறல்ல. 'ழ' வராததையும் விட்டுவிடுங்கள். பெரியவர்களில் எத்தனை பேருக்கு வருகிறது! ஆனால் 'கப்பல்' 'தப்பல்' ஆகி, ஹிந்தி 'காடி'யும் 'தாடி' ஆகி, நாலு வயதுக்குப் பிறகும் அது நீடித்தால் பரிசோதனை தேவை.

பொதுவாக, அயலாருக்கு இரண்டு வயதில் பிள்ளையின் பேச்சு பாதியாவது புரிய வேண்டும். மூன்றில் முக்கால், நாலில் அநேகமாக முழுதும். தாய்க்குப் புரிகிறது என்பது கணக்கில்லை. தாய்க்கு எல்லாமே புரியும்.

'தப்பல் வந்துது, நான் பாத்தேன்' என்கிற குழந்தைக்கு உச்சரிப்பு மட்டுமே சிக்கல். நாலு வயதிலும் 'அம்மா தண்ணி' என்பதோடு நிற்கிற குழந்தைக்கு மொழியே சிக்கல். சிலருக்கு இரண்டும் சேர்ந்திருக்கும். வேறு காரணம் ஏதும் தெரியாமலே மொழிக் கோளாறு உள்ளவர்கள், பள்ளி தொடங்கும் வயதில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேர் என்று இங்கிலாந்தில் 2016இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது.

முதலில் காதைச் சோதியுங்கள். தில்லிக் குளிரில் ஓயாத சளி பிடித்து நடுக்காதில் நீர் கோத்தால் மெல்லிய ஒலிகள் காதில் சரியாக விழாது. எய்ம்ஸ் போன்ற மருத்துவமனைகளின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் செவித்திறன் சோதனை உண்டு. நாக்கில் வசம்பு தேய்ப்பதாலோ, 'அவன் அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்' என்று காத்திருப்பதாலோ பயனில்லை.

பிள்ளை 'தப்பல்' என்றால் 'சரியாச் சொல்லு' என்று வற்புறுத்தாதீர்கள். 'ஆமாம், கப்பல்! பெரிய கப்பல்' என்று நிதானமாகச் சொல்லிவிட்டு மேலே பேசுங்கள். அவன் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. விருந்தாளிகள் முன் பேசச் சொல்லிச் சிரிக்க வேண்டாம். அக்கா முந்திக்கொண்டு பதில் சொன்னால் அவளைச் சற்றுப் பொறுக்கச் சொல்லுங்கள்.

பயிற்சியாளருக்குத் தமிழ் தெரியாவிட்டால், பிள்ளை வீட்டில் சொல்லும் தமிழ்ச் சொற்களை, அவன் சொல்கிறபடியே எழுதிக்கொண்டு போய்ச் சரியான உச்சரிப்பையும் பொருளையும் சொல்லுங்கள்.