உள்ளேயே உருவாக்குவதா, வெளியிலிருந்து கொடுப்பதா?

அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையும் ஐ.டி. கட்டடமும் ஒரே சாலையில் இருக்கும். நாங்கள் எழுதுவது பட்டறைகளுக்கான மென்பொருள்: பில், ஸ்டாக், ஜாப் ஒர்க்குக்குப் போகும் சரக்குக்கு டெலிவரி சலான் (டி.சி.). ஆவடியிலும் பூந்தமல்லிப் பக்கமும் சில யூனிட்டுகளில் அது ஓடுகிறது. ஒரு கிளாஸ் இன்னொரு கிளாஸை எந்த வழியில் சார்ந்திருக்கலாம், எந்த இடத்துக்கு எந்த வழி பொருந்தும் என்பதை இந்த அனுபவத்திலிருந்தே எழுதுகிறேன். ஜாவா, சி ஷார்ப் எழுதுகிறவர்களுக்கு அப்படியே பொருந்தும்.

பில்லை அரசுப் போர்ட்டலில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸ் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் டர்ன்ஓவர் உள்ளவர்களுக்கு மட்டும் கட்டாயமானது. அந்த வரம்பு இறங்கிக்கொண்டே வந்தது. 2022 ஏப்ரலில் 20 கோடி, அதே ஆண்டு அக்டோபரில் 10 கோடி, 2023 ஆகஸ்டில் 5 கோடி. எங்கள் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். அவசரத்தில் இன்வாய்ஸ் கிளாஸின் சேமிக்கும் ஃபங்ஷனுக்குள்ளேயே, அரசுப் போர்ட்டலோடு பேசும் ஆப்ஜெக்டை நியூ போட்டு உருவாக்கினோம். டி.சி. கிளாஸோ, எழுதும் வேலை மிச்சம் என்று இன்வாய்ஸ் கிளாஸிலிருந்து இன்ஹெரிட் செய்யப்பட்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை மாலை இணையம் போய்விட்டது. ஒரு யூனிட்டின் கேட்டில், பிளேட்டிங்குக்குப் போக வேண்டிய சரக்கோடு டாடா ஏஸ் நிற்கிறது. ஜாப் ஒர்க் டி.சி.க்கு இ-இன்வாய்ஸே தேவையில்லை. ஆனாலும் டி.சி. சேமிக்கும்போது தாய் கிளாஸ் போர்ட்டலைக் கூப்பிட்டது, பதில் வராமல் திரை அப்படியே நின்றது. ஒன்றரை மணி நேரம் டிரைவர் காத்திருந்தார். போர்ட்டலைச் சொல்லிக் குற்றமில்லை. டி.சி.க்குத் தெரியவே கூடாத ஒன்றைத் தெரியவைத்தது எங்கள் பிழை. இன்ஹெரிட்டன்ஸைச் சார்பு என்றே பலர் எண்ணுவதில்லை. இருக்கும் சார்புகளில் இறுக்கமானது அதுதான்.

எதை வெளியே எடுப்பது என்று முடிவு செய்ய நான் கேட்கும் கேள்வி ஒன்று: இது மாறினால், மாற்றுகிறவர் யார்? போர்ட்டலை மாற்றுவது அரசு. எடை மெஷினை மாற்றுவது வாடிக்கையாளர். ஒவ்வொரு பிராண்டும் சீரியல் போர்ட்டில் ஒவ்வொரு விதமாக எடையை அனுப்பும். இப்படி மாற்றம் நம் கையில் இல்லாதவை வெளியிலிருந்துதான் வர வேண்டும்.

பணத்தொகை, தேதி, பில்லின் ஒரு வரி போன்ற சின்ன கிளாஸ்கள் நம்முடையவை. அங்கே தயங்காமல் நேரடியாக நியூ போடுங்கள். ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு இன்டர்ஃபேஸ் எழுதும் பழக்கம் பல ஆபீஸ்களில் இருக்கிறது. படிக்க வேண்டிய ஃபைல் இரட்டிப்பாவதைத் தவிர அதில் பலன் இல்லை. மாறுகிற எல்லாவற்றுக்கும் கிளாஸ் வேண்டும் என்பதும் இல்லை. 2025 செப்டம்பர் 22 அன்று வாகன உதிரிபாகங்களுக்கான ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமானது. வரி விகிதத்தை எந்தத் தேதி முதல் என்ற குறிப்போடு டேபிளில் வைத்திருந்தவர்கள் ஒரு வரி சேர்த்து முடித்தார்கள். அது வெறும் டேட்டா.

நிரல் முழுவதுக்கும் ஒரே ஆப்ஜெக்ட் என்ற சிங்கிள்டனை முதலில் எல்லோரும் விரும்புவார்கள், எங்கிருந்தும் கூப்பிடலாம் என்பதால். கம்பெனி விவரத்தை நாங்கள் அப்படி வைத்தோம். புதுச்சேரியிலும் யூனிட் உள்ள ஒரு வாடிக்கையாளர் வந்தார். ஜி.எஸ்.டி. எண் மாநிலத்துக்கு ஒன்று. எங்கள் நிரலிலோ உலகம் முழுவதுக்கும் ஒரே கம்பெனி. பிரித்தெடுக்க மூன்று வாரம் ஆனது. புதிய நிரலில் இதை எடுக்க வேண்டாம் என்பதே என் தீர்ப்பு.

சர்வீஸ் லொகேட்டர் அதைவிட ஒரு படி மேல். வேண்டியதைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கலாம், டெஸ்டில் மாற்றியும் வைக்கலாம். மார்ட்டின் ஃபவுலர் 2004-இல் எழுதிய கட்டுரை இதையும், தேவையானதை வெளியிலிருந்தே கொடுக்கும் டிபென்டென்சி இன்ஜெக்‌ஷனையும் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்டது. லொகேட்டரில் நான் காணும் குறை, கிளாஸுக்கு என்னென்ன தேவை என்பது வெளியே தெரியாது என்பதுதான். உள்ளே போய் வரி வரியாகப் படிக்க வேண்டும். பழைய நிரலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்செய்யும்போது இடைக்காலத்துக்கு உதவும்.

நான் முதலில் கை வைப்பது கன்ஸ்ட்ரக்டரில். தேவையானதை எல்லாம் கன்ஸ்ட்ரக்டர் வழியாக வாங்கு, உள்ளே எதையும் தேடாதே என்பதே விதி. திருத்திய பிறகு எங்கள் டி.சி. கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் மூன்று பொருள் கேட்கிறது: ஸ்டாக், நம்பர் வரிசை, பிரின்டர். போர்ட்டல் அதில் இல்லை என்பது ஃபைலைத் திறந்த உடனே கண்ணில் படும். எட்டு, ஒன்பது பொருள் கேட்கும் கன்ஸ்ட்ரக்டர் கண்டால் அந்த கிளாஸைப் பிரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. செட்டர் வழியாகக் கொடுப்பதை நான் தவிர்க்கிறேன். யாராவது கொடுக்க மறந்தால் பாதி கட்டிய ஆப்ஜெக்ட் ஓடும்.

இன்டர்ஃபேஸ் யாருடையது என்பதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். பக்கத்து ஷெட்டில் ஓடும் வி.எம்.சி. மெஷினைப் பாருங்கள். ஸ்பிண்டிலுக்கு டிரில்லும் தெரியாது, எண்ட் மில்லும் தெரியாது. பி.டி.40 ஹோல்டரின் கூம்பு மட்டும் தெரியும். கூம்பின் அளவு மெஷினோடு வருகிறது. டூல் அதற்குப் பொருந்தி வர வேண்டும். ராபர்ட் மார்ட்டின் 1996-இல் டிபென்டென்சி இன்வர்ஷன் என்று எழுதியதும் இதே திசைதான். ஆகவே இன்டர்ஃபேஸ் பில்லிங் மாட்யூலுக்குள் இருக்க வேண்டும், பில்லிங்கின் மொழியில்: இன்வாய்ஸைப் பதிவு செய், 64 எழுத்துள்ள ஐ.ஆர்.என். என்ற பதிவு எண்ணும் க்யூ.ஆர். கோடும் கொடு. போர்ட்டல் கேட்கும் ஜேசன் அமைப்போ டோக்கனோ அதில் எட்டிப் பார்க்கக் கூடாது. இதைச் செய்து முடித்தபின் அரசுப் போர்ட்டலுக்கு ஒரு கிளாஸ், அங்கீகரிக்கப்பட்ட தனியார் போர்ட்டலுக்கு ஒன்று, வரம்புக்குக் கீழே உள்ள யூனிட்டுக்கு எதுவும் செய்யாத ஒன்று, டெஸ்டுக்குப் போலி ஒன்று என நான்கு எழுதினோம். பில்லிங் மாட்யூலில் ஒரு வரிகூட மாறவில்லை.

சார்புகளைத் தானே கோர்த்துக் கொடுக்கும் ஸ்பிரிங் போன்ற கன்டெய்னர் எப்போது? மெயின் ஃபங்ஷனில் கையால் கோர்ப்பது ஒரு திரைக்குள் அடங்கும்வரை வேண்டாம். கையால் கோர்த்தால் விடுபட்டதை கம்பைலரே சொல்லும்; கன்டெய்னரில் பெரும்பாலும் ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். பத்துப் பேர் சேர்ந்து எழுதும் பெரிய புராஜெக்டில், ரிக்வெஸ்டுக்கு ஒன்று, ஆப்புக்கு ஒன்று என ஆயுட்காலம் பிரிய ஆரம்பித்தால் கன்டெய்னர் தன் செலவை ஈடுகட்டிவிடும்.

ஈவென்ட் இன்னொரு வழி. டி.சி. போனதும் ஜாப் ஒர்க் ரெஜிஸ்டருக்குத் தெரிய வேண்டும், ஏனெனில் கொடுத்த மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் என்பது சட்டம். அந்த ரெஜிஸ்டர் பத்து நிமிடம் கழித்து அறிந்தாலும் நஷ்டமில்லை, டி.சி. கிளாஸ் அதை அறியவே வேண்டாம். ஈவென்ட் சரி. ஸ்டாக் கழிவது அப்படி அல்ல. கழியாவிட்டால் டி.சி.யே செல்லாது. அங்கே நேரடியாகக் கூப்பிடுங்கள். எல்லாவற்றையும் ஈவென்டாக்கினால் எது எதற்குப் பின் நடந்தது என்று இரவெல்லாம் லாக் ஃபைலைப் படிக்க வேண்டிவரும்.

இரண்டு மாட்யூல் ஒன்றையொன்று சார்ந்து வட்டமாகிவிட்டால், இரண்டுக்கும் பொதுவானதை மூன்றாவதாக எடுத்து வையுங்கள்.

நாளை உங்கள் புராஜெக்டைத் திறந்து நியூ என்று தேடுங்கள். இணையம், பிரின்டர், ஃபைல், சிஸ்டத்தின் கடிகாரம் இவற்றைத் தொடும் கிளாஸ்களை மட்டும் குறித்துக்கொண்டு, வாரத்துக்கு ஒன்றாக கன்ஸ்ட்ரக்டருக்குக் கொண்டுவாருங்கள். மற்றவற்றை இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.