வாய்ச்சொல்லில் கட்டிய கட்டிடமும் வராத பாக்கியும்

செட்டிகுளம் பக்கத்தில் வெங்காயம் வைக்க ஒரு கொட்டகை, வாரியங்காவலில் தறி போட ஒரு கூடம், ஜயங்கொண்டத்தில் முந்திரி உலர்த்த ஒரு களம். பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இத்தகைய வேலைகள் பெரும்பாலும் எழுத்தின்றியே நடைபெறுகின்றன. இடத்துக்குரியவரும் மேஸ்திரியும் திண்ணையில் அமர்ந்து பேசுகிறார்கள். முன்பணம் கைமாறுகிறது. சுவர் எழும்புகிறது. கடைசிப் பாக்கி மட்டும் நின்றுவிடுகிறது. அதற்குள் மேஸ்திரி தம் கீழ் வேலை செய்த கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமைதோறும் கைப்பணத்திலிருந்து கூலி கொடுத்து முடித்திருப்பார். நம் அங்கத்தினர்களில் கட்டச் சொன்னவர்களும் உண்டு, கட்டிக் கொடுத்தவர்களும் உண்டு. ஆகவே இரு திறத்தாரையும் மனத்திற்கொண்டே இதனை எழுதுகிறோம்.

எழுத்தில் இல்லாத பேச்சு செல்லாது என்னும் எண்ணம் கிராமங்களில் பரவலாக உள்ளது. அது தவறு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 10-ஆம் பிரிவில், ஒப்பந்தத்துக்கு வேண்டியவற்றைக் கூறுகிறது: தகுதியுடையோர் மனமொப்பிப் பேசியிருக்க வேண்டும்; சட்டபூர்வமான நோக்கமும் பிரதிபலனும் இருக்க வேண்டும். கொட்டகை கட்டும் பேச்சுக்கு எழுத்து அவசியமென்று அச்சட்டம் சொல்லவில்லை.

பேச்சு ஏதோ ஒரு காரணத்தால் ஒப்பந்தமாகத் தேறாவிடினும், உழைப்பு வீண்போவதில்லை. 1944-இல் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில், சிவில் சப்ளை இலாகா அதிகாரிகளின் வேண்டுகோளின்பேரில் மண்டல் என்னும் கம்பெனியார் ஒரு மண் சாலையும் சில அறைகளும் தானியக் கிடங்குகளும் கட்டிக் கொடுத்தனர். பாக்கி 19,325 ரூபாய். 1935-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிய முறையில் ஒப்பந்தம் எழுதப்படவில்லை என்று சர்க்கார் தரப்பில் வாதிக்கப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1961 டிசம்பரில் தீர்ப்புக் கூறிய அம்மன்றம், ஒப்பந்தம் செல்லாதென்பதை ஏற்றுக்கொண்டும், ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவுப்படி பணம் கொடுத்தாக வேண்டும் என்றது. வேலை சட்டத்துக்கு உட்பட்டதாயிருத்தல், இலவசமாகச் செய்யும் எண்ணமின்றிச் செய்திருத்தல், மற்றவர் அதன் பயனை அனுபவித்திருத்தல் ஆகிய மூன்றும் அமைந்தால் ஈடு கொடுக்கும் கடமை பிறக்கிறது. வேண்டாதவர் தொடக்கத்திலேயே மறுத்திருக்கலாம். கிடங்கில் மூட்டையை அடுக்கிக்கொண்டு மறுக்க முடியாது.

இவ்விதி நம் பக்கத்துக்குப் புதிதன்று. பல கிராமங்களுக்குப் பொதுவான ஓர் ஏரியைச் சர்க்கார் பழுது பார்த்தபோது, அதன் நீரால் பயன்பெற்ற ஜமீன்தார்களும் தங்கள் பங்கைக் கொடுக்க வேண்டுமென்று சென்னை உயர் நீதிமன்றம் 1890-களிலேயே இதே பிரிவைக் கொண்டு தீர்ப்பளித்துள்ளது.

ஆயினும் பாக்கிகள் மூழ்கிப் போவது பெரும்பாலும் ஒப்பந்தச் சட்டத்தால் அன்று, காலாவதியால். 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில், பணம் கொடுக்கும் நாள் பேசப்படாத வேலைக்கு, வேலை முடிந்த நாளிலிருந்து மூன்றே ஆண்டுகள்தாம் கெடு. ஒருவர் 2023 ஜனவரி 20-இல் வேலையை முடித்தார் என்று வைத்துக்கொள்வோம். 'வெங்காயம் விற்கட்டும்' என்றார் உடையவர். அடுத்த பொங்கலுக்கு 5,000 ரூபாய் ரொக்கமாகக் கொடுத்தார். மேஸ்திரி அதைத் தம் நோட்டில் தாமே குறித்துக்கொண்டார். 'இந்தப் பருத்தி எடுத்ததும் முழுதும் தீர்த்துவிடுகிறேன்' என்றார் மறு ஆண்டு. இத்தனை நல்ல வார்த்தைகளுக்குப் பிறகும் 2026 ஜனவரி 20-உடன் கெடு முடிந்துவிடுகிறது. வாய்வாக்குறுதி கெடுவை ஒரு நாளும் நீட்டுவதில்லை. வாங்கியவர் எழுதிய குறிப்பும் நீட்டுவதில்லை. கொடுத்தவரே தம் கையால் எழுதியிருக்க வேண்டும், அல்லது கையொப்பமிட்டிருக்க வேண்டும். கெடுவுக்குள் அவ்வாறு செய்திருந்தால் அன்றிலிருந்து புதிதாக மூன்றாண்டு தொடங்கும். உறவும் ஊரும் கெடக்கூடாதென்று பொறுத்திருப்பவரே இவ்விஷயத்தில் அதிகம் இழக்கிறார் என்பது நமக்கு வருத்தமளிக்கிறது.

கெடு கடந்த பின்னும், பாக்கியைத் தருவதாக உடையவர் எழுத்தில் உறுதிகூறிக் கையொப்பமிட்டால், ஒப்பந்தச் சட்டத்தின் 25-ஆம் பிரிவுப்படி அது செல்லும். ஆனால் காலம் கடந்ததை அறிந்த பின்னர் எத்தனை பேர் கையொப்பமிடுவார்கள்?

சாட்சியத்துக்கு வருவோம். சிமெண்டு, செங்கல் வாங்கிய பில்கள், வங்கி வழியே வந்த முன்பணம், உடன் வேலை செய்தவர்களின் வாக்குமூலம், கைப்பேசிச் செய்திகள் ஆகிய யாவும் உதவும். கைப்பேசிச் செய்தியை நீதிமன்றத்தில் காட்டுவதற்கு 2023-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் ஒரு சான்றிதழ் கேட்கிறது. செய்தியை அழித்துவிடாமல், வக்கீலிடம் அதுபற்றிக் கேட்டுக்கொள்வது நலம். வேலை முடிந்தவுடன் இருவரும் சேர்ந்து நாடா பிடித்து அளந்து, நீளம் அகலம் உயரம் எழுதிக்கொள்ள வேண்டும். தளத்தில் பழுது இருந்தால் உடையவர் அன்றே சொல்லட்டும். பாக்கி கேட்கும்போது மட்டும் விரிசல் கண்ணில் படுவது வழக்கமாகிவிட்டது!

பணம் தராததைப் போலீஸில் சொன்னால் வசூலாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தாலன்றி இது சிவில் விவகாரமே. சங்கத்திலும் சிலர் மனுக் கொடுக்கிறார்கள். 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 90-ஆம் பிரிவு, சங்கத்தின் நிர்வாகத்தையும் தொழிலையும் ஒட்டிய தகராறுகளுக்கே உரியது. இரண்டு அங்கத்தினரின் சொந்தக் கட்டிடக் கணக்கு அதில் அடங்காது.

முதலில் விரைவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பலாம். பின்னர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து, மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்கலாம். அதற்குக் கோர்ட்டுக் கட்டணம் இல்லை. இருவரும் இசைந்து முடித்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. இசையாவிடில் சிவில் தாவாதான் வழி. மனுவின் பேச்சு நீளும்போது கெடு நாள் நெருங்குகிறதா என்பதைக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

உடையவர் கையால் எழுதி வாங்கவேண்டிய சீட்டு நான்கு வரிக்கு மேற்படாது: 'இன்ன இடத்தில் இன்னார் கட்டிய கொட்டகை வேலை இன்ன தேதியில் முடிந்தது. பேசிய தொகை இவ்வளவு. இதுவரை கொடுத்தது இவ்வளவு. நான் கொடுக்கவேண்டிய பாக்கி இவ்வளவு.' கீழே கையொப்பமும் தேதியும்.