ஒப்பமில்லா ஓலை

திருவெண்ணெய்நல்லூர் அவையிலே நிகழ்ந்த வழக்கினைத் தடுத்தாட்கொண்ட புராணத்திற் பயிலாத மாணவர் நம் கல்லூரியில் இலர். முதியவர் கொணர்ந்த ஆளோலையை நம்பியாரூரர் பறித்துக் கிழித்தெறிந்தார். கிழிந்தது படியோலையே என்றும், மூலவோலை தம்மிடம் உளதென்றும் முதியவர் உரைத்தார். அவையோர் அவ்வோலையை உடனே நம்பவுமில்லை, தள்ளவுமில்லை. நம்பியின் பாட்டனார் முன்னர் எழுதிய வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வருவித்து, இரண்டன் கைச்சாத்தையும் ஒப்புநோக்கிய பின்னரே தீர்ப்புரைத்தனர்.

இதனை ஈண்டு எடுத்துரைக்கக் காரணம் இம்மலரே. உடப்பு, முந்தல், சிலாபம் முதலிய ஊர்களிலிருந்து வந்த கட்டுரைகளுட் பல பாமினி எழுத்துருவிலும் சில யூனிகோட்டிலும் இருந்தன. அவற்றை ஒருமுகப்படுத்த எழுத்துருமாற்றி வேண்டியதாயிற்று. மாணவரொருவர் இணையத்திலிருந்து ஒன்றை இறக்கினார். திறந்தவுடன், விண்டோஸ் கணினியைக் காத்ததாக அறிவிக்கும் நீலக்கட்டம் தோன்றிற்று. “சேர், மேலும் விபரம் என்பதை அமத்திப்போட்டு, எப்படியும் இயக்கு என்பதை அமத்தினாற் சரி” என்றார் அவர். வழி அதுவே, ஆனால் அவ்வழியிற் செல்லலாமா என்பதே வினா.

அவ்வெச்சரிக்கை, நிரல் நஞ்சென்று கூறுவதன்று. ஆக்கியோர் யாரென்று அறியேன் என்பதே அதன் பொருள். நிரலாக்குவோர் தம் நிரல் முழுவதினின்றும் ஒரு சுருக்கவெண்ணைக் கணித்து, தம்மிடம் மட்டுமே உள்ள மறைதிறவுகோலால் அதற்கு ஒப்பமிடுவர். அத்திறவுகோலுக்கு இணையான பொதுத்திறவுகோல் இன்னாருடையதெனச் சான்று நிறுவனம் உறுதி கூறும். ஓரெழுத்து மாறினும் ஒப்பம் பொருந்தாது. இச்சான்றினைப் பெற ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கான டொலர் செலவாகும். தமிழுக்கு இலவசமாக விசைப்பலகையும் எழுத்துருமாற்றியும் ஆக்கியளிக்கும் தொண்டர் பலர்க்கு அஃது இயலாத காரியம். புதிதாய் வந்த, பலர் இறக்காத நிரலாயின், ஒப்பம் இருந்தும் ஸ்மார்ட்ஸ்கிரீன் தடுத்தல் உண்டு.

மற்று, ஒப்பமுள்ளதெல்லாம் தூயதோ? 2001ஆம் ஆண்டு சனவரியில், மைக்ரோசொஃப்ட் ஊழியரெனப் பொய்யுரைத்த ஒருவருக்கு வெரிசைன் நிறுவனம் அந்நிறுவனப் பெயரிலேயே இரு சான்றுகளை வழங்கிவிட்டது. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் தீநிரல், தாய்வானிலுள்ள ரியல்ரெக், ஜேமைக்ரோன் நிறுவனங்களின் திருடப்பட்ட திறவுகோல்களால் ஒப்பமிடப்பட்டிருந்தது. கைச்சாத்து மெய், ஓலையோ பொய்.

இதனினும் கொடியது, எச்சரிக்கையே எழாமை. இணையத்திலிருந்து இறக்கிய கோப்பின்மீது விண்டோஸ் ஓர் அடையாளமிடும். அதனைக் கண்டே நீலக்கட்டம் எழும். பென்டிரைவ்கள் பெரும்பாலும் எவ்வமைப்பில் உள்ளனவோ, அவ்வமைப்பு அவ்வடையாளத்தைத் தாங்காது. சென்ற ஆண்டு அடியேன் ஒரு கடையிலிருந்து பென்டிரைவிற் கொணர்ந்த எழுத்துருமாற்றியை, தடையேதும் தோன்றாமையால், ஐயமின்றி இயக்கினேன். நிருவாக அனுமதி கேட்ட மஞ்சட்கட்டத்தில் வெளியீட்டாளர் அறியப்படாதவர் என்றிருந்ததைக் கண்ணாற் கண்டும் மனத்தாற் காணவில்லை. மாலைக்குள் அவ்வாண்டு வினாத்தாள்களும், ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவர் சொல்ல யான் எழுதிவைத்த கல்லூரி வரலாற்றுக் குறிப்புகளும் திறக்கவொண்ணாதவாறு பூட்டப்பட்டன. வினாத்தாளை மீண்டும் ஆக்கலாம். அவ்விருவருள் ஒருவர் இன்றில்லை.

ஆகலின் இம்முறை அவையோர் வழியைப் பின்பற்றினோம். ஆக்கியோரின் சொந்தத் தளத்திலிருந்தே மீண்டும் இறக்கினோம். விண்டோஸில் உள்ள சேர்ட்யூட்டில் என்னும் கருவி கோப்பின் ஷா-256 சுருக்கவெண்ணைத் தரும். அது 64 குறிகளாலானது. அதே தளத்தில் அச்சிட்டிருந்த எண்ணோடு அது பொருந்திற்று. ஆயினும் தளமே களவுபோயிருப்பின் கோப்பும் எண்ணும் சேர்ந்தே மாறியிருக்குமன்றோ! வேறு காப்பிலுள்ள ஓலை வேண்டும். கனடாவில் வாழும் பழைய மாணவரொருவர் அதே பதிப்பைப் பல்லாண்டாகக் கையாள்பவர். தம்மிடமுள்ள படியின் எண்ணைத் தொலைபேசியில் அவர் ஒவ்வொரு குறியாக வாசிக்க, மாணவர் திரையில் ஒப்புநோக்கினார். முப்பத்தேழாம் குறியில் இணைப்பு அறுந்தது, முதலிலிருந்து தொடங்கினோம். அறுபத்து நான்கும் பொருந்தின. கட்டுரைகளை வேறு தட்டிற் படியெடுத்து வைத்த பின்னரே, “இப்போது அமத்தும்” என்றேன்.